மாரியும் மலையும் தாங்கும் வாகனம்

கல்முனைக் கரையில் ஒருவர் வாங்கும் வாகனம் ஒரே மாதிரியான வீதியில் ஓடுவதில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கே நிறுத்தினாலும் கடற்காற்று அதன் மேல் படிகிறது. ஒக்டோபர் கடைசியில் மாரி பிடித்தால், ஜனவரி வரை தாம்போதிகளிலும் குறுக்கு வீதிகளிலும் தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிறது. பிள்ளை பேராதனையில் படித்தால், வாப்பாவுக்குக் கண்டியில் கிளினிக் இருந்தால், சாரன் மூட்டைகளோடு பதுளை, பண்டாரவளைக் கடைகளுக்குப் போக வேண்டியிருந்தால், ஏப்ரல் விடுமுறையில் குடும்பமே நுவரெலியா புறப்பட்டால், அதே வாகனம் மலையும் ஏறுகிறது. கடல் மட்டத்தில் காலையில் புறப்பட்டு, மாலைக்குள் 1868 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. சில நாளில் அத்தனை உயரமும் இறங்கி வருகிறது.

இந்த மூன்றையும் தாங்குமா என்று பார்த்து வாங்குகிறவர்கள் நம்மிடையே குறைவு. எந்த வருடம், எவ்வளவு ஓடியிருக்கிறது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் போகும், திரும்ப விற்றால் என்ன விலை வரும் என்பவைதாம் பேச்சில் அடிபடும். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் நம் கரையில் ஒரு வாகனத்தின் ஆயுளையும் அதில் போகிறவர்களின் உயிரையும் தீர்மானிப்பவை வேறு: அடிப்பக்கம், எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடு, பிரேக். இந்த மூன்றும் சரியாக இருக்கும் பழைய வாகனம், இவற்றில் ஒன்று பழுதான புதிய வாகனத்தைவிட நல்லது என்பதே இந்த அத்தியாயத்தின் கட்சி.

பனி நாட்டில் ஓடிவிட்டு வந்தவை

நம் வீதிகளில் காணும் வெகன்ஆர், விட்ஸ், அக்வா, பிரிமியோ, வெசல், எவ்ரி, கேடிஎச் வேன் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் ஒருவரிடம் ஓடிவிட்டு வந்தவை. ஜப்பான் என்றதும் சுத்தமான வீதியும் கவனமான ஓட்டமும் மனதில் வரும். வாங்குபவருக்கு யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹொக்கைடோ, அவோமோரி, அகிட்டா, நீகாட்டா, நகானோ போன்ற பகுதிகளில் ஆண்டுதோறும் மாதக்கணக்கில் வீதியில் பனி கிடக்கும். முன்பு அங்கே ஆணி பதித்த டயர்களோடு ஓடினார்கள். அந்த ஆணிகள் வீதியைச் சுரண்டிக் கிளப்பிய தூசி மக்களின் சுவாசத்தைக் கெடுத்ததால், 1990இல் சட்டம் போட்டு அவற்றை நிறுத்தினார்கள். அதன்பிறகு, பனியைக் கரைக்க வீதியில் உப்புக் கொட்டுவது பெரிதாகக் கூடியது. கொட்டுவது சோடியம் குளோரைட்டும் கல்சியம் குளோரைட்டும். கரைந்த உப்புத் தண்ணீரைச் சக்கரங்கள் அள்ளிக் காரின் அடியில் வீசுகின்றன. கல்சியம் குளோரைட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பண்பு கொண்டது. ஆகவே பனிக்காலம் போன பிறகும் அது படிந்த இடம் ஈரமாகவே கிடந்து துருப்பிடிக்கும்.

அப்படி ஓடிய கார் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கி, மெருகேற்றப்பட்டு நம் ஊருக்கு வருகிறது. மேலே பளபளப்பு. உள்ளே இருக்கைத் துணி புதிதுபோல. கீழே துரு தொடங்கிவிட்டது. இங்கே கடற்காற்று மீதி வேலையைச் செய்கிறது. கொழும்பில் பத்து வருடம் தாங்கக்கூடிய ஆரம்பத் துரு, கடற்கரைக்கும் பிரதான வீதிக்கும் இடைப்பட்ட வீடுகளில் அவ்வளவு காலம் பொறுக்காது.

ஜப்பானில் ஏலத்தில் விற்கப்பட்ட ஒவ்வொரு காருக்கும் ஏல அறிக்கை ஒன்று உண்டு. காரின் படம் வரைந்து, கீறல், நெளிவு, திருத்தம் எல்லாவற்றையும் எழுத்தும் எண்ணுமாகக் குறித்திருப்பார்கள். அதில் எஸ் என்ற எழுத்து துருவையும், சி என்ற எழுத்து அரிப்பையும் சொல்லும். பக்கத்திலுள்ள எண் கூடக் கூடப் பாதிப்பும் கூடுகிறது. விபத்தில் சிக்கித் திருத்தப்பட்ட காருக்கு மதிப்பெண் இடத்தில் ஆர் என்று இருக்கும். அடிப்பக்கத் துருவைப் பற்றித் தனியாக ஜப்பானிய மொழியில் ஒரு வரி எழுதுவதும் வழக்கம். அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். அதிலுள்ள செசி இலக்கமும் காரிலுள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஜப்பானிய வரியைக் கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்ப்பது இப்போது எளிது.

ஆனாலும் அந்த அறிக்கை, ஏலம் நடந்த அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வாகனங்களே கை மாறிக்கொண்டிருந்தன. விலை ஏறியதால், வேறு நாளென்றால் ஒதுக்கியிருக்கக்கூடிய வாகனங்களும் டிங்கர் வேலை செய்து, பெயின்ட் அடித்து விற்கப்பட்டன. எனவே 2020க்கு முன் வந்த காரென்றால், ஜப்பானில் ஓடிய காலத்தைவிட இங்கே எங்கே நின்றது, யார் வைத்திருந்தார், எந்த வருட வெள்ளத்தில் இருந்தது என்பதைத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும்.

கீழிருந்து பார்ப்பது

வாகனத்தைச் சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். நம்பிக்கையான பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் வந்தாலும் டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களும் கீழே நின்று பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக் குழாய்கள். முன்னிருந்து பின்சக்கரம் வரை ஓடும் அந்த மெல்லிய இரும்புக் குழாய்களில் செதிள் செதிளாகத் துரு இருந்தால், அது அழகுப் பிரச்சினை அல்ல. மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடிய இடம் அது. அடுத்து, முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் சட்டமும், பின் அச்சு உடலோடு சேரும் முனைகளும், ஸ்ப்ரிங் உட்காரும் கிண்ணங்களும். பிறகு கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப்பகுதி. அதன் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். உளுத்தது மந்தமாகக் கேட்கும், சிலவேளை உதிர்ந்தும் விழும்.

புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த அடிப்பக்கம் சந்தேகத்துக்குரியது. விற்பதற்குச் சற்று முன் அடித்திருந்தால், கீழே மறைந்திருப்பது என்ன என்று கேளுங்கள். துருவின் மேல் தடிப்பாக அடித்த தார்ப் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துத் துருவை வளர்க்கவே செய்யும்.

வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரைக் கண்டுபிடிக்க உள்ளே பாருங்கள். சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் இழுங்கள். கடைசி முழத்தில் சேற்று நிறம் இருந்தால் அதுவே சாட்சி. இருக்கை நகரும் தண்டவாளத்திலும், இருக்கையைப் பிணைக்கும் ஆணிகளிலும் துரு இருக்கக்கூடாது. கால்மிதிக்குக் கீழே விரிப்பைக் கிளப்பி முகர்ந்து பாருங்கள். பின் விளக்கின் கண்ணாடிக்குள் வண்டல் கோடு இருக்கிறதா என்றும், மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியில் என்ன கிடக்கிறது என்றும் பாருங்கள். நறுமணப் போத்தல் இரண்டு மூன்று தொங்கும் காரில் இந்தச் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

சிறு லொறி, பொலேரோ, பிக்கப் வாங்குவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் கரையில் மீன் ஏற்றாத லொறி அரிது. ஐஸ் உருகி, மீனின் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து பலகை இடுக்குகளால் வடிந்து நேரே செசியின் மேல் விழுகிறது. இப்படி இரண்டு மூன்று வருடம் மீன் ஓடிய வாகனத்தின் செசி, வயதில் இரு மடங்கு மூத்த நெல் லொறியின் செசியைவிட மோசமாக இருக்கலாம். விலை குறைவு என்று கை நீட்டும் முன், பின் உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்பு உங்கள் கையில். கழிவு ஒயிலை அடியில் விசிறுவது நம் ஊரில் பழைய பழக்கம். அது துருவைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, மழையில் கழுவுண்டு நம் கிணற்று நிலத்துக்கே போகும். துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மெழுகு வகைத் துருத்தடுப்பை உட்குழிகளுக்குள்ளும் செலுத்துவது செலவு கூடினாலும் சரியான வழி. கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவதில் பயன் இல்லை.

டயர்

பனி நாட்டுக் கார் நமக்குக் கொண்டுவரும் இன்னொன்று பனி டயர். ஏலத்தில் விற்கும்போது பொருத்தியிருந்ததையே சில கார்கள் இங்கும் அணிந்து வருகின்றன. பக்கச் சுவரில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருக்கும், அல்லது மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை இருக்கும். மேற்பரப்பு முழுவதும் மெல்லிய வெட்டுக்கள். பூச்சியத்துக்குக் கீழே உறைந்த வீதியிலும் இறுகாமல் பிடிக்க வேண்டும் என்பதற்காக அதன் ரப்பரை மிருதுவாகச் செய்கிறார்கள். நம் மே மாதத் தார் வீதியில் அந்த மிருதுவே பகை. சீக்கிரம் தேயும், வளைவில் நெகிழும், நனைந்த வீதியில் நிற்கும் தூரம் கூடும். ஆழமான வெட்டுக்களைப் பார்த்து, மழைக்கு நல்லது என்று வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றி விடுங்கள்.

டயரின் வயதைப் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தேய்வைக் காட்ட வெட்டுக்களின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் அந்த மேட்டோடு சமமாகும் வரை காத்திருப்பது வெயில் நாட்டுக் கணக்கு. மாரியில் ஓடுகிறவருக்கு 3 மில்லிமீற்றராவது மிச்சம் வேண்டும். தண்ணீரை வெளியே தள்ள ஆழம் போதாவிட்டால், வேகமாகப் போகையில் டயர் வீதியை விட்டுத் தண்ணீரின் மேல் வழுக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொல் கேட்காது. விலையில் பேரம் பேசும்போது நான்கு புதிய டயரின் விலையைக் கழித்தே பேசுங்கள்.

பதினெட்டு வளைவு ஏறுவது

அம்பாறையிலிருந்து மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் ஏ-26 வீதியில் பதினெட்டு வளைவைச் சந்திக்கிறார்கள். பதுளைக்கு பிபிலை, லுணுகலை, பசறை வழி. எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய வழி. மூன்றிலும் பொதுவானது ஒன்று: மணிக்கணக்காகச் சமவெளியில் சூடேறி வந்த எஞ்சின், கடைசியில்தான் ஏற்றத்தைக் காண்கிறது.

உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். நுவரெலியாவில் நிற்கும்போது ஐந்தில் ஒன்று குறைந்துவிட்டிருக்கும். 796 சீசீ ஓல்டோவும் 658 சீசீ வெகன்ஆரும் கல்முனைச் சந்தைக்கும் பாடசாலைக்கும் அருமையான வாகனங்கள். நான்கு பேருடன் மலையும் ஏறும், பொறுமையாக ஓட்டினால். ஐந்து பேர், பெட்டிகள், அரிசி மூட்டை, ஏசி என்று சேர்த்தால் முதல் கியரில் முனகும். வெகன்ஆரின் ஹைபிரிட் என்பது சிறு உதவி மட்டுமே. நீண்ட ஏற்றத்தில் அதன் சிறிய பற்றரி வற்றிவிடும், பிறகு தனி எஞ்சின்தான். மாதம் ஒரு தடவை மலைக்குப் போகிறவர் 1300 சீசீக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. எவ்ரி சிறியதாயினும், டர்போ உள்ளதென்றால் ஏற்றத்தில் பரவாயில்லை.

எஞ்சினின் வலுவைவிட முக்கியம் அதைக் குளிர்விப்பது. ஜப்பானில் ரேடியேட்டருக்குள் விட்டிருக்கும் நிறத் திரவம் பனியில் உறையாமல் இருப்பதற்கு மட்டும் என்று எண்ணி, இங்கே அதை வெளியே விட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பனி இல்லாத ஊருக்கு அது எதற்கு என்ற எண்ணம் நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தத் திரவம் கொதிநிலையையும் உயர்த்துகிறது, அலுமினிய எஞ்சினுக்குள் அரிப்பையும் தடுக்கிறது. நம் உவர்த் தண்ணீர் இரண்டையும் செய்யாததோடு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். வாங்கும் காரின் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என எதுவானாலும் தெளிவாக இருந்தால் சரி. செங்காவியாக இருந்தால் உள்ளே துரு. பால் கலந்த ஒயில்போல மிதந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், அந்தக் காரை விட்டுவிடுங்கள். பரிசோதனை ஓட்டத்தைச் சந்தைச் சுற்றோடு முடிக்காதீர்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு அம்பாறை வரை போய் வாருங்கள், வெப்ப முள்ளைக் கவனித்தபடி.

முதல் தலைமுறை வெசலும் ஜீபி-5 ஃபிட்டும் விரும்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றின் ஹைபிரிட் கியர் இரட்டைக் கிளட்ச் முறையில் இயங்குவது. ஏற்றத்தில் வாகன நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தால் கிளட்ச் சூடேறும். ஏப்ரல் மாதம் நுவரெலியா நகருக்குள் நுழையும் வரிசை அப்படியானது. முன் வாகனத்துக்கு இடம் விட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வது அதற்கு நல்லது.

இறங்குவது

ஏறும்போது கெடுகிற கார் வீதியோரத்தில் நிற்கும். இறங்கும்போது கெடுகிற கார் நிற்காது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். நாமும் குடும்பத்தோடு போய்வரும் வீதி அது.

பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்தபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சக்கரத்தருகே அந்தச் சூடு வந்துவிடும். கொதித்த திரவத்தில் நீராவிக் குமிழ் உண்டாகும். அப்போது மிதித்தால் பெடல் தரை வரை போகும், வாகனம் நிற்காது. நம்முடையது ஈரமான கடற்கரை. எனவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரவத்தை முழுதாக மாற்றுங்கள், முடிந்தால் டொட் 4 வகைக்கு. வாங்கும்போது பிரேக் திரவப் போத்தலைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். கறுத்த தேயிலைச் சாயத்தின் நிறம் என்றால், அதன் சொந்தக்காரர் பிரேக்கை மறந்தவர். அவர் மறந்த மற்றவற்றையும் தேடுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய லொறிச் சாரதிகளின் சட்டம். ஓட்டோ கியரிலும் அது செல்லும். எல், எஸ், 2 என்று எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். அக்வா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் பீ என்ற இடம் அதற்காகவே வைத்திருக்கிறது. அந்தக் கார்கள் இறக்கத்தில் பற்றரியைச் சார்ஜ் செய்து வேகத்தைக் குறைக்கின்றன. பற்றரி நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு குறையும். மின்சாரக் காரிலும் அப்படியே. நுவரெலியாவில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்காதீர்கள், கொஞ்சம் இடம் விட்டு ஏற்றுங்கள்.

வேனில் பத்துப் பன்னிரண்டு பேராகப் போகும் நம் குடும்பங்களுக்கு இன்னொன்று. டொல்பினோ கேடிஎச்சோ, கூரையில் பாரம் ஏற்றாதீர்கள். மேலே வைத்த ஒவ்வொரு மூட்டையும் வளைவில் வேனை வெளிப்பக்கம் சாய்க்கிறது. பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்கைக்குக் கீழே போகட்டும்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி படியும். நம் நாட்டில் பனிக்காலம் என்று சொல்லத்தக்கது அவ்வளவே. அதற்காகத் தனி வாகனம் தேவையில்லை. நல்ல பற்றரி இருந்தால் போதும், டீசல் வேனென்றால் குளோ பிளக் நான்கும் வேலை செய்ய வேண்டும். கண்ணாடியில் உறைந்திருந்தால் கொதிநீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். மூடுபனியில் உட்பக்கக் கண்ணாடி மங்கினால் ஏசியைப் போட்டாலே தெளியும்.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா

இது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பனி நாட்டிலிருந்து வந்த சில கார்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் வசதியும், ஸ்னோ என்ற பொத்தானும் இருக்கும். மலைக்குப் போகிறோம், இது நல்லதுதானே என்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நமது மலை வீதிகள் தார் வீதிகள். நனைந்த தாரில் இரண்டு சக்கர இழுவையும் நல்ல டயரும் போதும். நான்கு சக்கர இழுவை புறப்படவும் ஏறவும் உதவுமே தவிர, நிற்க உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான். கூடுதல் எடை, கூடுதல் எண்ணெய், துருப்பிடிக்க இன்னும் சில பாகங்கள் என்பவை மட்டுமே மிச்சமாகும். பனி நாட்டிலேயே அனுபவசாலிகள் டயருக்குப் பிறகுதான் இழுவையைப் பேசுவார்கள்.

வயல் வட்டைக்குள் விதைப்புக்கும் அறுவடைக்கும் போகிறவரின் கதை வேறு. கரைவாகு வட்டையின் சேற்றில் அவருக்கு நான்கு சக்கர இழுவையுள்ள பிக்கப் உண்மையான தேவை. பழைய ஹைலக்ஸ், எல்-200 போன்றவற்றில் அதை வேண்டும்போது மட்டும் போட வேண்டும். காய்ந்த தாரில் போட்டுக்கொண்டு வளைவுகளில் ஓடினால் கியர்ப்பெட்டி முறுகி உடையும்.

வெள்ளம்

தரைக்கும் காரின் அடிக்கும் உள்ள இடைவெளி அக்வாவில் 140 மில்லிமீற்றர், ஓல்டோவில் 160. சாய்ந்தமருதுத் தோணா நிரம்பி உள்வீதிக்குத் தண்ணீர் ஏறும் நாளில் இந்த இரண்டு சென்ரிமீற்றர் பேசும். ஆனாலும் உண்மையில் தீர்மானிப்பது, எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே. பொனட்டைத் திறந்து அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சில கார்களில் அது முன்விளக்குக்குப் பின்னால், சிலவற்றில் இன்னும் கீழே. அதனுள் தண்ணீர் போனால், சிலிண்டருக்குள் நசுக்க முடியாத தண்ணீரை பிஸ்டன் நசுக்கப் பார்த்து, கொனெக்டிங் ரொட் வளையும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக் கரைக்குக் கொண்டு வந்து பாஸைக் கூப்பிடுங்கள். சிறு செலவோடு முடிய வேண்டியது எஞ்சின் மாற்றும் செலவாவது அந்த ஒரு திருகலில்தான். மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உப்பு வெள்ளம் ஏறிய பற்றரி பிறகு தீப்பற்றலாம். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பிறகு அப்படி நடந்தது. மூழ்கி எழுந்த மின்சாரக் காரையோ ஹைபிரிட்டையோ வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

தேங்கிய தண்ணீருக்குத்தான் இந்தக் கணக்கு. ஓடும் தண்ணீருக்குக் கணக்கே வேறு. ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் இருந்தால் சிறிய காரைக் கிளப்பிவிடும், இரண்டடி இருந்தால் பெரிய ஜீப்பையும் இழுத்துப் போகும். காரின் எடை அங்கே உதவாது, ஏனெனில் உள்ளே காற்றை அடைத்த கார் மிதக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் ஓடிய வெள்ளம், மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே அடித்துக்கொண்டு போனது. விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகள். அந்தச் சக்கரங்களின் உயரமும் இரும்பின் எடையும் நம் கார்கள் எதிலும் இல்லை. கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஓடும் நாளில், முன்னால் ஒருவர் போய்விட்டார் என்பதற்காகப் பின்னால் இறங்காதீர்கள். சுற்றிப் போகலாம், ஒரு நாள் பிந்தலாம்.

மலையிலும் இதே சொல். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் இறங்கிய மண்சரிவுகளை எந்த வாகனமும் எதிர்த்திருக்க முடியாது. மழைநாளில் புறப்படும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

எதை வாங்குவது

ஊருக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு ஓல்டோவும் வெகன்ஆரும் போதும். மிச்சப் பணத்தைத் துருத்தடுப்புக்கும் டயருக்கும் வைக்கலாம். வருடத்தில் பல தடவை மலைக்குப் போகும் நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு என் தெரிவு, 1300 முதல் 1500 சீசீ வரையிலான சாதாரணப் பெற்றோல் கார். விட்ஸ், எக்ஸியோ, பிரிமியோ வகை. நம் ஊர்ப் பாஸ்மாருக்குத் தெரிந்த எஞ்சின், கிடைக்கும் பாகம். ஹைபிரிட் எடுப்பதென்றால் பற்றரியின் நிலையைக் கணினியில் சோதித்துப் பார்த்து எடுங்கள். பின் இருக்கையோரம் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் உள்ள கார்களில் அதைத் தூசு அடைக்காமல் வைத்திருங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் வேன், அதிலும் டீசல். இரண்டு காரில் நெருக்கியடித்துப் போவதைவிட அது பாதுகாப்பானது.

சீ.ஆர். எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பெயரை உடனே மாற்றுங்கள். திறந்த கடிதத்தோடு வருடக்கணக்கில் ஓடுவது உங்களுக்கே தீமை. வட்டியைத் தவிர்ப்போர் இஜாரா முறையை விசாரிக்கலாம். ஒப்பந்தத்தில் பழுதுக்கும் காப்புறுதிக்கும் யார் பொறுப்பு என்பதை வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். காப்புறுதி எடுக்கும்போது, அது தகாபுலாயினும் வேறாயினும், வெள்ளச் சேதம் அடங்குமா என்று வாயால் கேட்டுத் திருப்திப்படாமல் பத்திரத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வாகனத்துக்கு வரும் வெள்ளச் சேதத்துக்கு ஒரு சதமும் தராது.

வாகனம் பார்க்க நல்ல காலம் மாரியே. மழையில் ஓட்டிப் பார்த்தால் கூரை ஒழுக்கும், கதவு ரப்பரும், வைப்பரும், பிரேக்கும் தாமே பேசும். விற்பவர் அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் தூக்கிப் பார்க்க அவர் சம்மதிக்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வாகனத்தை வாங்க வேண்டாம்.